உதிரிபாகம் கிடைக்காத ஹெரால்டு: எதைச் சேர்ப்பது, எதைச் செய்துகொள்வது, எதைத் தூக்கி எறிவது

தம்பி, நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்கிறேன், படிப்பவர்களுக்கும் புரியட்டும். தாத்தா விட்டுச்சென்ற 1969ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3, நான்கு கதவு வண்டி, மதுரையில் உங்கள் வீட்டில் நிற்கிறது, ஓடுகிறது. கிடைக்கும் உதிரிபாகங்களை எல்லாம் இப்போதே வாங்கிக் குவித்துவிடலாமா என்பது முதல் கேள்வி. கிடைக்காதவற்றை இங்கேயே செய்ய முடியுமா என்பது இரண்டாவது. காரைக்குடிப் பக்கம் ஓடாத ஹெரால்டு ஒன்று விலைக்கு வருகிறது, பாகங்களுக்காக அதை வாங்கலாமா என்பது மூன்றாவது. இடையில் உங்கள் மெக்கானிக், "எதற்கு இந்தப் பாடு, மாருதி எஞ்சினை இறக்கிவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்.

எஞ்சின் மாற்றும் யோசனையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2021இல் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 50 ஆண்டுகளைத் தாண்டிய சொந்த உபயோக வாகனங்களை 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிந்துகொள்ளலாம், எண்ணில் வி.ஏ. என்ற எழுத்துகள் வரும். புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. அந்தப் பதிவுக்கு அடிச்சட்டம், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்தப் பதிவு எடுத்தால் வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, எரிபொருள், பராமரிப்பு போன்ற காரியங்களுக்குத்தான் சாலைக்குக் கொண்டுவரலாம். ஆகவே எடுப்பதா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்யுங்கள். ஆனால் எண் பொறித்த பழைய எஞ்சின் பிளாக்கை இன்று இரும்புக்கடைக்குப் போட்டுவிட்டால், அந்தத் தேர்வே உங்கள் கையை விட்டுப் போய்விடும்.

இனி முக்கியமான விஷயம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் பொதுவாகத் தவறான பாகத்துக்காகக் கவலைப்படுகிறார்கள். எஞ்சின் பாகம் கிடைக்காதே என்று புலம்புவார்கள். ஆனால் எஞ்சின்தான் இந்த வண்டியில் எளிதான பகுதி. உங்களுடையது 948 சி.சி., போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், 76 மில்லிமீட்டர். இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனம் 1950களில் வடிவமைத்த எஞ்சின் குடும்பத்தில் ஒன்று. அதே குடும்பம் பெரிதாகிப் பெரிதாகி டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரில் 1980 வரை ஓடியது. இங்கிலாந்தில் இன்றும் அந்த வண்டிகளை ஆயிரக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காகப் பாகங்கள் புதிதாகவே தயாராகின்றன. பெரிய எஞ்சின்களின் பிஸ்டன் உங்களுக்குப் பொருந்தாது, போர் வேறு. ஆனால் பொருந்தும் சிறு பாகங்கள் பல உண்டு. பொருந்தாததை லேத்தில் சரிசெய்யலாம்.

உண்மையான பஞ்சம் எங்கே என்றால், நான்கு கதவில். இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கலாட்டி வரைந்த ஹெரால்டு இங்கிலாந்தில் இரண்டு கதவுடன்தான் விற்பனையானது. நான்கு கதவு வடிவத்தை 1960களின் பிற்பகுதியில் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனம் நம் நாட்டுக்கென்றே செய்தது. அதனால் பின்கதவு, அதன் கண்ணாடி, கண்ணாடி ஓடும் சட்டம், கதவோர ரப்பரின் வளைவு, கதவுகளுக்கு நடுவே நிற்கும் தூண் இவையெல்லாம் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. லண்டனில் இருந்து எஞ்சின் வால்வு வரும், பின்கதவுக் கண்ணாடி வராது. அதற்குப்பின் 1972இல் வந்த கெஸல் காரும் இதில் முழுதாக உதவாது. எஞ்சின் அதே 948தான் என்றாலும், நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காத ஹெரால்டின் பின்பக்க ஸ்விங் ஆக்சிலை, அதாவது இரு சக்கரமும் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அமைப்பை, எடுத்துவிட்டுச் சாதாரண ஆக்சில் வைத்தார்கள்.

ஆகவே பணம் செலவழிக்கும் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கண்ணாடி, கதவு, விளக்கு வளையம், முன் கிரில், கைப்பிடி, டேஷ்போர்டு மீட்டர்கள்: இவற்றை எங்கே கண்டாலும், நல்ல நிலையில் இருந்தால், இன்று தேவையில்லை என்றாலும் வாங்குங்கள். பேரிங், ஆயில் சீல், கேஸ்கட், கிளட்ச் பிளேட் இவற்றை முன்கூட்டி வாங்கவே வேண்டாம். ரப்பரைச் சேர்த்து வைப்பது பணத்தைக் கொளுத்துவதுதான்.

ரப்பர் ஏன் என்று கேட்பீர்கள். அலமாரியில் சும்மா இருந்தாலும் ரப்பர் கெடும். வெயில், சூடு, காற்றிலுள்ள ஓசோன் மூன்றும் அதற்குப் பகை. மின்மோட்டார் ஓடும் இடத்தில் ஓசோன் உண்டாகலாம். அதனால் தண்ணீர் மோட்டார் அறையில் ரப்பர் சாமான் வைக்கக் கூடாது. "கம்பெனிச் சீல் உடைக்காதது, 1975ஆம் ஆண்டுச் சரக்கு" என்று யாராவது பிரேக் ரப்பர் கொடுத்தால் அட்டைப்பெட்டியை நினைவுக்கு வைத்துக்கொண்டு உள்ளே இருப்பதைக் குப்பையில் போடுங்கள். பார்க்கப் புதிதாகத்தான் இருக்கும். பிரேக் எண்ணெயில் சில மாதம் கிடந்ததும் விளிம்பு கிழியும், அதுவும் கொடைக்கானல் மலையில் இறங்கும்போது. எஞ்சின் மவுண்ட், கதவு ரப்பர், வாட்டர் ஹோஸ் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பழையதை மாதிரிக்காக மட்டும் வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

அதற்கு மதுரை மோசமான ஊர் இல்லை. டி.வி.எஸ். குடும்பத்துத் தொழில்கள் வளர்ந்த ஊர் என்பதால் டயர், ரப்பர் வேலை தெரிந்தவர்கள் இங்கே தலைமுறையாக உண்டு. சிறிய மோல்டிங் பட்டறைகளிலும் அந்தக் கை இருக்கிறது. செலவு ரப்பரில் இல்லை, அச்சில். புஷ் என்பது இரண்டு பாகத்துக்கு நடுவே உட்காரும் வளையம்; ஒரே ஒரு புஷ்ஷுக்கு அச்சு வெட்டினால் கட்டுப்படியாகாது. மதுரை, விருதுநகர், காரைக்குடி, திண்டுக்கல் என்று ஹெரால்டு வைத்திருக்கும் நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு அச்சுக்குக் காசு போட்டால் ஒவ்வொருவருக்கும் இரண்டு செட்டு கிடைக்கும். கொடுக்கும்போது "ரப்பர் புஷ்" என்று மட்டும் சொல்லாதீர்கள். கடினம் எவ்வளவு என்று 'ஷோர் ஏ' கணக்கில் சொல்லுங்கள். சஸ்பென்ஷன் புஷ் பொதுவாக 60 முதல் 70க்குள் இருக்கும். எண்ணெய் படும் இடமா, பெட்ரோல் படும் இடமா, வெயில் படும் இடமா என்பதையும் சொல்லுங்கள். எண்ணெய் படும் இடத்துக்கு நைட்ரைல் ரப்பர், வெயில் படும் கதவோரத்துக்கு இ.பி.டி.எம். ரப்பர். இரண்டையும் மாற்றிப் போட்டால் இரண்டுமே ஓராண்டு தாங்காது.

பெட்ரோல் பற்றித் தனியே சொல்ல வேண்டும். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023இல் தொடங்கி 2025இல் நாடெங்கும் வந்துவிட்டது. 1969இன் ரப்பருக்கு எத்தனால் என்ற பெயரே தெரியாது. உங்கள் வண்டியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு ஓடும் டயஃப்ரம் வகை. அந்தத் துணி-ரப்பர் சவ்வு எத்தனாலில் ஊறி உப்பும், பிறகு ஓட்டை விழும். ஓட்டை வழியாக பெட்ரோல் எஞ்சின் எண்ணெயில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் எண்ணெய் அளவு தானாக ஏறினால், பெட்ரோல் வாசம் அடித்தால், வண்டியை ஓட்டாதீர்கள், முதலில் பம்பைக் கழற்றுங்கள். புதிய டயஃப்ரம் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டு வாங்குங்கள். பெட்ரோல் ஹோஸ் எல்லாவற்றையும் எஃப்.கே.எம். என்ற, எத்தனால் தாங்கும் ரப்பரின் உள்பூச்சு உள்ளதாக மாற்றுங்கள். எத்தனால் காற்றின் ஈரத்தையும் இழுக்கும். வண்டி இரண்டு மாதம் ஓடாது என்றால் கார்புரேட்டரை வடித்துவிடுவது நல்லது. சொலெக்ஸ் கார்புரேட்டரின் உடல் துத்தநாகக் கலவை. அடியில் தேங்கும் ஈரம் அதை வெள்ளைப் பொடியாக அரிக்கும், ஜெட் துவாரம் அடைபடும். கார்புரேட்டர் போய்விட்டது என்று இதற்காகவே தூக்கி எறிகிறார்கள். பெரும்பாலும் சுத்தம் செய்து, ஷாஃப்டுக்குப் புது புஷ் போட்டால் திரும்ப வேலை செய்யும்.

இனி செய்துகொள்வது பற்றி.

உங்கள் வண்டியில் உள்ள பேரிங்குகளில் பல, காரின் பெயரைச் சொல்லித் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. எண்ணைச் சொல்லித் தேடினால் உடனே கிடைக்கும். பேரிங்கின் வளையத்தைத் துடைத்துப் பார்த்தால் 6205 என்று பொறித்திருக்கும், உதாரணத்துக்கு. கடைசி இரண்டு இலக்கத்தை 5ஆல் பெருக்கினால் உள் விட்டம், அதாவது 25 மில்லிமீட்டர். அந்தப் பேரிங் தண்ணீர் மோட்டாரிலும் இருக்கும், மாவு மில்லிலும் இருக்கும். பிரிட்டிஷ் வண்டி என்பதால் சில இடத்தில் அங்குல அளவு டேப்பர் பேரிங் வரும், அதற்கு எல்.எம். என்று தொடங்கும் எண் இருக்கும். பேரிங் கடைக்காரர் பட்டியலில் பார்த்துச் சொல்லிவிடுவார். ஆயில் சீலுக்கும் அப்படியே. ஷாஃப்ட் விட்டம், உட்காரும் குழியின் விட்டம், கனம், மூன்று அளவு போதும். பழைய சீலை அளக்காதீர்கள், அது உப்பியிருக்கும். உலோகத்தை அளங்கள்.

போல்ட்டில் ஒரு பெரிய அநியாயம் நடக்கிறது. ஹெரால்டில் உள்ளவை பெரும்பாலும் யு.என்.எஃப். எனப்படும் அங்குலக் கணக்கு நெருக்க மரை. 5/16 அங்குலப் போல்ட்டின் விட்டம் 7.94 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு 24 மரை. இன்றைய எம் 8 போல்ட்டின் விட்டம் 8, மரை அங்குலத்துக்கு 20 சொச்சம். கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஒரு சுற்று சுகமாக ஏறும், பிறகு ஸ்பேனரை வைத்து இறுக்கி ஏற்றிவிடுவார்கள். அன்றோடு எஞ்சின் பிளாக்கின் மரை காலி. பட்டறைக்கு வண்டியைக் கொடுக்குமுன் யு.என்.எஃப். போல்ட்டு, நட்டு, மரை வெட்டும் டேப் ஒரு செட்டு வாங்கி வண்டியிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மெக்கானிக் கையில் எட்டும் தூரத்தில் சரியான போல்ட் இருந்தால்தான் தவறான போல்ட் ஏறாது.

லேத் வேலைக்கு கே.புதூர், கப்பலூர் தொழிற்பேட்டைகளில் ஆளுக்குக் குறைவில்லை. குறை இருப்பது கேட்கும் விதத்தில். "இதே மாதிரி ஒன்று" என்று தேய்ந்த புஷ்ஷைக் கொடுத்தால், லேத்தில் கடையும் டர்னர் தேய்மானத்தோடு சேர்த்து நகல் எடுத்துத் தருவார். அது அவர் குற்றம் இல்லை. புஷ் உட்காரும் துளையையும், உள்ளே ஓடும் ஷாஃப்டில் தேயாத பகுதியையும் அளந்து, இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். பொருள் என்ன என்பதும் நீங்கள் சொல்ல வேண்டியது. மஞ்சள் நிறமாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல. சாதாரணப் பித்தளையில் கடைந்த புஷ் அழகாகப் பளபளக்கும், ஆனால் சுமை ஏறினால் அரைபட்டுப் போகும். அங்கே வேண்டியது பாஸ்பர் வெண்கலம் அல்லது கன்மெட்டல். எஃகிலும் அப்படித்தான். முறுக்கு தாங்கும் ஷாஃப்டுக்கு இ.என். 24 ரகம், ஆணி போன்ற சாதாரணப் 'பின்'னுக்கு இ.என். 8 ரகம். கையில் கிடந்த எம்.எஸ். எனப்படும் சாதாரண மென்னெஃகுக் கம்பியில் கடைந்து கொடுத்தால் அன்று மாலை ஓடும், அடுத்த வாரம் முறியும்.

எஞ்சின் பழுதுக்கும் இதே ஒழுங்கு. சிலிண்டர் தேய்ந்திருந்தால் 20, 30, 40 தௌ (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பெரிதாகப் போர் போட்டு, அதாவது சிலிண்டரைக் குடைந்து, அதற்கேற்ற பிஸ்டன் போடுவார்கள். எல்லாம் முடிந்துபோன பிளாக் என்றால் லைனர், அதாவது உள்குழாய், இறக்கிப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். முதலில் பிஸ்டனைக் கையில் வாங்குங்கள், பிறகு போர் போடச் சொல்லுங்கள். இந்த வரிசையை மாற்றி, போர் போட்ட பிளாக்கோடு அளவுக்குப் பிஸ்டன் தேடி அலைபவர்கள் இன்றும் உண்டு.

பிரேக் சிலிண்டருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. டாட் 3 பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை இழுப்பது. அந்த ஈரத்தால் வார்ப்பிரும்புச் சிலிண்டரின் உட்புறம் குழிகுழியாக அரிக்கும். ஹோன் என்ற சாணைக்கல்லால் உட்புறத்தைத் தேய்த்துத் தேய்த்துக் குழியைப் போக்க முயல்வார்கள், விட்டம் பெருகி ரப்பர் நிற்காது. அதற்குப் பதில் சிலிண்டரைக் குடைந்து, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் இறக்கி, பழைய அளவுக்கே உட்புறம் மெருகிட வேண்டும். ஒருமுறை செய்தால் உங்கள் காலம் முழுக்க வரும். பழைய சிலிண்டரை அதனால்தான் எறியாதீர்கள் என்கிறேன். பிரேக் ரப்பரில் எஞ்சின் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது, உப்பிவிடும். பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். டிரம்மைக் கழற்றிக் காற்றுக் குழாயால் ஊதித் தூசியைப் பறக்கவிடும் வழக்கத்தை உங்கள் மெக்கானிக் வைத்திருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

மின்சாமான்கள் கொஞ்சம் நிம்மதி தருபவை. லூகாஸ் டி.வி.எஸ். 1961இலேயே சென்னையில் தொடங்கிவிட்டதால், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ வகையறாக்கள் அம்பாசடர் போன்ற வண்டிகளோடு உறவு கொண்டாடும். பழைய அம்பாசடர் உதிரிபாகக் கடையில் ஒப்பிட்டுப் பார்த்து வாங்கலாம். ஆனால் ரோட்டாரும் கண்டென்சரும் இன்று வரும் மலிவுச் சரக்கில் நம்பிக்கைக்கு உரியவை அல்ல. ஓடிக்கொண்டிருக்கும் பழையதைப் பெட்டியில் மாற்றாக வைத்துக்கொள்ளுங்கள், புதியதை மாட்டிப் பார்த்து ஓடுகிறதா என்று சோதித்த பிறகு.

பிளாஸ்டிக் குமிழ், சுவிட்ச் மூடி போன்றவற்றை இப்போது முப்பரிமாண அச்சில் செய்து தருகிறார்கள், நல்ல வழிதான். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கில் மட்டும் வேண்டாம். அது 60 டிகிரி அளவில் இளகும். சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் டேஷ்போர்டு அதைத் தாண்டும். ஏ.எஸ்.ஏ. அல்லது ஏ.பி.எஸ். கேளுங்கள். அலுமினிய வார்ப்புக்கு மாதிரி அச்சிடுவதாக இருந்தால், உலோகம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும். மாதிரியை அந்த அளவு பெரிதாக்கியே கொடுக்க வேண்டும்.

விளக்கு வளையம், கைப்பிடி எல்லாம் மசாக் எனப்படும் துத்தநாக வார்ப்பு. குரோம் பூச்சின் கீழ் கொப்புளம் எழும்பும். சாதாரணப் பம்பருக்கு முலாம் போடும் இடத்தில் இதைக் கொடுத்தால், பழைய பூச்சை நீக்கும் அமிலத்திலேயே பாதி கரைந்து வரும். துத்தநாகத்துக்கு முதலில் செம்புப் பூச்சு போடத் தெரிந்தவர்தானா என்று விசாரித்துக் கொடுங்கள். அப்படி யாரும் அகப்படவில்லை என்றால் கொப்புளத்தோடு இருக்கட்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் கைக்காசு சம்பந்தப்பட்டது. இனிச் சொல்வது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே சற்று நின்று படியுங்கள்.

ஹெரால்டின் முன்சக்கரத்தைத் தாங்குவது வெர்டிகல் லிங்க் என்ற எஃகுத் தூண். அதன் கீழ் முனையில் மரை வெட்டியிருக்கும். அது டிரனியன் என்ற வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. வெறும் 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி. மாசி வீதி முனையில் மற்றவர்கள் ரிவர்ஸ் எடுக்கும் இடத்தில் நீங்கள் ஒரே வெட்டில் திரும்பிப் போகலாம். அந்தச் சுகமெல்லாம் இந்த மரையின் தலையில்தான். தயாரித்தவர்கள் இதற்குச் சொன்னது கியர் எண்ணெய், இ.பி. 90. கிரீஸ் அல்ல. ஆனால் வாட்டர் சர்வீஸ் செய்யும் இடத்தில் கிரீஸ் துப்பாக்கியை வைத்துக்கொண்டு வண்டியின் கீழே கண்ணில் படும் இடத்தில் எல்லாம் அடிப்பார்கள். கிரீஸ் மரையின் அடிவரை இறங்காது, காய்ந்து அடைத்துக்கொள்ளும். மேலிருந்து இறங்கும் மழைநீர் அங்கேயே தங்கும். தூண் மரைக்குள் நுழையும் இடத்தில் துருப்பிடித்து இடுப்பு மெலியும். பிறகு ஒருநாள் முறியும், சக்கரம் வண்டிக்கு அடியில் மடங்கும். பெரும்பாலும் மெதுவாகத் திருப்பும்போதுதான் முறிகிறது. வேகமாகப் போகும்போது முறியாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பாருங்கள், இந்த மாதமே. பழைய கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி எடுத்து, மரை தொடங்கும் இடத்தில் குழி விழுந்திருக்கிறதா, விட்டம் குறைந்திருக்கிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலுக்கு டை பெனட்ரன்ட் சோதனை உண்டு: சிவப்புச் சாயம் தடவித் துடைத்து, வெள்ளை மாவு தெளித்தால் கீறல் சிவப்புக் கோடாக எழும்பும். வெல்டிங் தரம் பார்க்கும் இடங்களில் கேளுங்கள், பெரிய செலவில்லை. இடப்பக்கத்து மரையும் வலப்பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசை, மாற்றிப் பொருத்தவே முடியாது, கழற்றும்போதே குறித்துக்கொள்ளுங்கள். இந்தத் தூணை மட்டும் வெல்டிங் வைத்துச் சரிசெய்கிறேன் என்று யார் சொன்னாலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். டிரனியனும் அதன் புஷ்களும் இங்கிலாந்தில் இருந்து புதிதாக வரும். ஸ்பிட்ஃபயர் காரர்கள் புண்ணியம். இதில் காசு பார்க்கக் கூடாது. புதிதாகப் போட்டபின், சின்ன ப்ளக்கைக் கழற்றி நிப்பிள் மாட்டி, மேலே கசியும் வரை இ.பி. 90 ஏற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் மறுபடி ஒருமுறை. கிரீஸ் அடிக்கும் பையனுக்கு எழுதித்தான் புரியும் என்றால், அந்த இடத்தில் "எண்ணெய் மட்டும்" என்று சிவப்புப் பெயின்டில் எழுதிவிடுங்கள்.

சேர்த்ததை எங்கே வைப்பது? மொட்டைமாடி அறையிலோ தகரக் கொட்டகையிலோ வேண்டாம். கீழ்த்தள அறை, வெளிச்சம் குறைந்தது, சுவர் ஈரம் ஏறாதது. இன்வர்ட்டர் பேட்டரி இருக்கும் அறையில் எதையும் வைக்காதீர்கள். அதன் அமில ஆவி பளபளக்கும் எஃகையும் குரோமையும் தின்னும். மதுரையில் கடற்காற்று இல்லை என்பது வரம். ராமநாதபுரம் பக்கத்து வண்டிகளின் அடித்தகடு எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது புரியும். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கும் ஈரம் உண்டு.

இரும்புச் சாமானை மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாகக் காயவிட்டு, புதிய எண்ணெயோ கிரீஸோ பூசி மெழுகுத்தாளில் சுற்றுங்கள். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெய் வேண்டாம், அதில் அமிலம் இருக்கும். செய்தித்தாளும் வேண்டாம், ஈரத்தைக் குடித்து இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். கட்டியே ஆக வேண்டும் என்றால் சிலிக்கா ஜெல் போட்டுக் கட்டுங்கள். கிராங்க் ஷாஃப்டைப் படுக்கவைக்காமல் நிறுத்தி வையுங்கள். ஹெட் கேஸ்கட்டை ஆணியில் தொங்கவிடாதீர்கள், மடிந்தால் முடிந்தது. பலகையில் தட்டையாகக் கிடக்கட்டும். கண்ணாடிக்கு இது நேர்மாறு: படுக்கவைக்காமல், அடியில் மரக்கட்டையும் கம்பளித் துணியும் கொடுத்து நிமிர்த்தி வையுங்கள். எலிக்கும் கரையானுக்கும் பழைய கார் புதிய கார் பேதம் கிடையாது; வயரிங், சீட்டுத் துணி இரண்டையும் மூடியுள்ள தகரப் பெட்டியில் வைப்பதுதான் வழி.

காகிதச் சீட்டு ஒட்டாதீர்கள், பூச்சி தின்றுவிடும். மெல்லிய அலுமினியத் தகட்டை வெட்டி, ஆணியால் எண் குத்தி, கம்பியில் கட்டுங்கள். அந்த எண்ணுக்கு நேராக ஒரு நோட்டில் எழுதுங்கள்: என்ன பாகம், இடமா வலமா, எந்த வண்டியில் இருந்து வந்தது, அளந்த அளவு, தேய்மானம், என்ன செய்தால் ஓடும். வண்டியில் இருந்து கழற்றும் ஒவ்வொரு பழைய பாகமும் இந்த நோட்டுக்குள் போக வேண்டும். உடைந்த கிரில்லின் பாதிகூட அடுத்த பாதிக்கு மாதிரி. மெக்கானிக்கிடம், "கழற்றியதெல்லாம் எனக்கு வேண்டும்" என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அது மாலையே எடைக்குப் போய்விடும். அவருக்கு அது பழைய இரும்பு. அதற்காக அவரைக் கோபிக்க முடியாது.

இனி காரைக்குடி வண்டி. நான்கு கதவு ஹெரால்டா, இரண்டு கதவா, கெஸலா? போவதற்கு முன் இதைத் தொலைபேசியில் கேளுங்கள். நான்கு கதவு என்றால் எஞ்சின் இறுகிப்போயிருந்தாலும் போய்ப் பாருங்கள். இரண்டு கதவு என்றால் முன்பாதிக்கு மட்டும் விலை பேசுங்கள். கெஸல் என்றால் எஞ்சினும் மின்சாமானும் தவிர உங்களுக்கு அதில் வேலை குறைவு. அங்கே போனதும் பானெட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கத்தான் எல்லாருக்கும் கை போகும். நீங்கள் முதலில் பின்கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கண்ணாடி நான்கும் முழுசா, ஏற்றி இறக்கும் கருவி இருக்கிறதா, முன் கண்ணாடியின் ஓரத்தில் வெள்ளை படர்ந்திருக்கிறதா, மீட்டர்கள் இருக்கின்றனவா, விளக்கு வளையங்கள் மாற்றப்படாதவையா. அதன்பின் கீழே குனிந்து வெர்டிகல் லிங்க்குகளைப் பாருங்கள். அவை உங்கள் வண்டிக்குப் போடுவதற்கு அல்ல, சோதனைக்குப் பிறகும் நல்லதென்று தெரிந்தால் மாற்றாக வைத்துக்கொள்வதற்கு. ஹெரால்டில் பாடி தனி, அடிச்சட்டம் தனி. இரண்டு கதவு வண்டியில் கூரையைக்கூடப் போல்ட் கழற்றித் தூக்கிவிடலாம். ஆகவே முழு வண்டியை வைக்க இடம் இல்லை என்று தயங்க வேண்டாம். பிரித்துக் கொண்டுவந்தால் ஓர் அறைக்குள் அடங்கும்.

பிரிப்பதற்கு முன் நான்கு பக்கமும், வயர் ஓடும் வழியும், இடைவெளி சரிசெய்ய வைக்கும் மெல்லிய தகடுகளான ஷிம்கள் இருக்கும் இடமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடிச்சட்டத்தை வெட்டுவதாக இருந்தால் பெட்ரோல் டாங்கை முதலில் கழற்றி வெளியே வையுங்கள். பல ஆண்டு காலியாகக் கிடந்த டாங்க் என்றாலும் உள்ளே ஆவி இருக்கும், அதன் பக்கத்தில் வெல்டிங், கட்டிங் எதுவும் கூடாது. விலையைப் பொறுத்தவரை, எடைக்கு என்ன போகும் என்று கேட்டு அதிலிருந்து ஏறுங்கள். "விண்டேஜ்" என்ற சொல்லை விற்பவர் எடுத்தால் அவருடைய கணக்கு வேறு, அவசரப்படாதீர்கள். ஆர்.சி. புத்தகம் யார் பெயரில் இருக்கிறது, வாரிசுகள் எல்லாரும் சம்மதமா என்பதைப் பார்த்து, பாகங்களுக்காக வாங்குவதாக எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிரித்த பிறகு அந்தப் பதிவை ரத்து செய்ய அவர்களே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் மனு கொடுக்கும்படி செய்யுங்கள். எண் பொறித்த தகட்டையும் எஞ்சின் எண்ணையும் உங்கள் வண்டியோடு கலக்கவிடாதீர்கள். அந்த எஞ்சினின் பாகங்களை எடுங்கள், பிளாக்கை உங்கள் வண்டியில் ஏற்றுவதாக இருந்தால் முன்கூட்டியே அலுவலகத்தில் எழுதிப் பதிந்துவிட்டு ஏற்றுங்கள்.